பெரிய மீனுக்கு நாலு பேர் தூண்டில் போடும்போது

நாலு பேர் சேர்ந்து போனால் நாலு மடங்கு மீன் என்ற கணக்கோடுதான் எல்லோரும் கிளம்புகிறார்கள். கரையில் நடப்பது வேறு. ஆளுக்கொரு இடத்தில் ஆளுக்கொரு இரையை இறைத்து, தூண்டில் நரம்புகள் ஒன்றோடொன்று சிக்கி, கடைசியில் ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டியதும் மற்ற மூவரும் தண்ணீரோரம் ஓடிவந்து ஆளுக்கொரு யோசனை கத்துவார்கள். அந்தச் சலசலப்பில் மீன் அறுத்துக்கொண்டு போய்விடும். பெரிய மீன் நடுத் தண்ணீரில் தப்புவது குறைவு. கரைக்குக் கடைசிப் பத்து மீட்டரில் தப்புவதுதான் அதிகம். அந்தப் பத்து மீட்டருக்கான ஏற்பாட்டைத் தூண்டில் வீசும் முன்பே செய்து முடித்திருக்க வேண்டும்.

இங்கே சொல்லப்படுவது ஏரி, அணை, மெதுவாக ஓடும் அகலமான ஆறு ஆகியவற்றின் கரையில் இருந்து கெண்டை இனங்களையும் வாளை போன்ற மீசை மீன்களையும் பிடிப்பதற்கு. நீர்நிலை யார் பொறுப்பில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு வேண்டுமா, இனப்பெருக்கக் காலத் தடையோ அளவுக் கட்டுப்பாடோ உண்டா, இரவில் இருக்கலாமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். இதை ஒருவர் தலையில் கட்டுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்ப்பதில்லை.

கருவி

முடிந்தவரை எல்லோருக்கும் ஒரே வகைக் கருவி இருக்கட்டும். அவசரத்தில் ஒருவர் ராடை, அதாவது தூண்டில் கோலை, இன்னொருவர் வாங்கிப் பிடிக்க நேரும். அப்போது டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியே ஓட வேண்டும் என்பதைத் திருகி வைக்கும் பிடி, எங்கே இருக்கிறது என்று தேட நேரம் இருக்காது.

ராடு 10 முதல் 12 அடி, நடுத்தர வளைவு உள்ளது. மிக விறைப்பான ராடு தூரம் வீசும், ஆனால் மீன் கரையருகே தலையை உதறும்போது அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாது. முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல் 5000 அல்லது 6000 அளவு, 0.35 மி.மீ. நைலான் நரம்பு 200 மீட்டர் கொள்ளும்படி. இந்தப் பருமன் நரம்பு சுமார் 9 கிலோ தாங்கும். ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நரம்பு நிரம்பி இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வீச்சு குறையும். விளிம்பைத் தாண்டினால் வளையம் வளையமாகச் சரிந்து முடிச்சு விழும்.

பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்ட் நரம்பு அதே பருமனில் இரு மடங்குக்கும் மேல் தாங்கும், நீளாது, சிறு கடியையும் கைக்குச் சொல்லும். ஆனால் நீளாத குணமே அதன் குறையும்கூட. நைலான் அறுவதற்கு முன் ஏறக்குறைய 20 சதவீதம் நீண்டு கொடுக்கும். கைப்பிழையை அது மன்னிக்கும், பிரெய்ட் மன்னிக்காது. இழுபட்டு நிற்கும் பிரெய்ட் பாறையில் ஒருமுறை உரசினாலே அறுந்துவிடும். புதியவர்கள் இருக்கும் குழுவுக்கு நைலான்தான் சரி.

முள்ளின் எண் பலரைக் குழப்பும். எண் கூடக்கூட முள் சிறுக்கும்: 8-ஐ விட 4 பெரியது. 1-க்குப் பிறகு 1/0, 2/0 என்று மறுபடி பெருக்கும். கெண்டைக்கு 4 அல்லது 6. பெரிய மீசை மீனுக்கு 4/0 அல்லது 5/0. முனையை நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மொட்டை, குத்தி நின்றால் கூர். முனைக்குப் பின்னால் திரும்பி நிற்கும் சிறு நாக்கைக் குறடால் நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தொய்ய விடாதவரை மீன் தப்பாது. நாலு பேர் நெருக்கமாக வீசும் கரையில் யாராவது ஒருவர் விரலில் முள் ஏறும். நாக்கில்லாத முள் வந்த வழியே வெளியே வரும். கண்ணருகே குத்தினால் தொடாமல் மருத்துவரிடம் போவது ஒன்றே வழி.

முள்ளைக் கட்டப் பாலோமர் முடிச்சு போதும். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து, இரட்டை நரம்பாலேயே ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மடிப்பின் வளையத்துக்குள் முள்ளை விட்டு எடுத்து, மெதுவாக இறுக்க வேண்டும். இறுக்கும் முன் எச்சிலில் நனைக்காவிட்டால் உராய்வுச் சூட்டில் நைலான் பலவீனப்படும். இரட்டை இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறினாலும் அந்த இடத்தில் வெட்டும். அப்படித் தெரிந்தால் அறுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். மீன் போனபிறகு நரம்பின் நுனி என்ன சொல்கிறது என்று பாருங்கள். பன்றி வால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியது. சொரசொரப்பாகப் பிசிறியிருந்தால் பாறையிலோ கிளையிலோ உரசியது. யார்மேல் தப்பு என்ற வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

டிராக்: கையால் இழுத்துப் பார்ப்பது போதாது

பெரிய மீன் போனதற்கு "நரம்பு சரியில்லை" என்பார்கள். நரம்பு சரியாகத்தான் இருந்திருக்கும். டிராக்கை அளக்காமல் வைத்திருப்பார்கள். ஒரு ஸ்பிரிங் தராசு எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பை ராடின் வளையங்கள் வழியாகக் கோத்து, நுனியைத் தராசின் கொக்கியில் கட்டி, ஒருவர் ராடை 45 பாகைச் சாய்வில் பிடிக்க, இன்னொருவர் தராசைப் பிடித்துப் பின்னோக்கி நடக்கட்டும். ஸ்பூல் சுழலத் தொடங்கும்போது தராசு காட்டுவதுதான் உங்கள் டிராக். அது நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 9 கிலோ நரம்புக்கு 2.25 கிலோ. மூன்றில் ஒரு பங்கு உச்ச வரம்பு.

9 கிலோ தாங்கும் நரம்புக்கு ஏன் இவ்வளவு குறைவு? முடிச்சு கொஞ்சம் பலத்தைத் தின்னும். ராடு வளையும்போது வளையங்களில் உராய்வு கூடும். இவற்றைவிட முக்கியமானது ஸ்பூல். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓட ஓட ஸ்பூலில் சுற்றின் விட்டம் குறையும். விட்டம் பாதியானால், திருகைத் தொடாமலே இழுவிசை இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் மீன் தூரம் போனபின் டிராக்கை இறுக்கக் கூடாது. கை சும்மா இருக்காது என்பது தெரிந்ததுதான். கூடுதல் பிடி வேண்டுமென்றால் திருகைத் தொடாமல் ஸ்பூலின் விளிம்பில் விரலை வைத்து அழுத்துங்கள். மீன் உதறினால் விரலை எடுத்துவிடலாம்.

டிராக் வழுக்கிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றுவது இன்னொரு கெட்ட பழக்கம். நரம்பு ஓர் அங்குலம்கூட உள்ளே வராது. முறுக்கு மட்டும் ஏறும். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஐந்து சுற்று நரம்பைச் சுற்றும் 5:1 ரீலில், ஒரு சுற்றுக்கு ஐந்து முறுக்கு. அப்படி இருபது சுற்று சுற்றினால் அடுத்த வீச்சில் நரம்பு தானாகச் சுருண்டு பந்தாகிவிடும்.

இடம் தேடுவதில்தான் கூட்டத்தின் லாபம்

ஒற்றை ஆள் ஓர் ஆழத்தைச் சோதிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். நாலு பேர் அதே நேரத்தில் நாலு ஆழத்தைச் சோதிக்கலாம். ஆழம் தெரிய, தக்கையை முழுகடிக்கும் அளவு ஈயத்தைத் தொங்கவிட்டு வீசுங்கள். தக்கை காணாமல் போனால் ஆழம் அதிகம். தக்கையை மேலே நகர்த்தி நகர்த்தி, நுனி மட்டும் தெரியும் நிலைக்குக் கொண்டுவந்தால் தக்கைக்கும் ஈயத்துக்கும் இடைப்பட்ட நீளமே ஆழம். முதல் ஒரு மணி நேரம் ஒருவர் 1 மீட்டரில், ஒருவர் 2 மீட்டரில், ஒருவர் சரிவின் அடியில், ஒருவர் செடி விளிம்பில். எங்கே முதல் கடி வருகிறதோ, மற்றவர்களும் அந்த ஆழத்துக்கு மாறுங்கள். அந்த ஆழத்துக்கு மாறச் சொன்னால் அந்த ஆள் பக்கத்தில் வந்து வீசச் சொன்னதாக அர்த்தமில்லை.

தளமும் கணக்கில் வேண்டும். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுமட்டத்தில், மிர்காலும் சாதாக்கெண்டையும் அடித்தரையில். அடியில் ஈயம் போட்டுவிட்டுக் கட்லாவுக்குக் காத்திருந்தால் பொழுதுதான் போகும். நுண்ணிய குமிழிகள் கொத்தாகத் தொடர்ந்து எழும்பினால் கெண்டை சேற்றைக் கிளறுகிறது. காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் மிதப்பன எல்லாம் சேரும், அவற்றின் பின்னால் மீனும் வரும். முகத்தில் காற்றடிப்பது எரிச்சல்தான், ஆனாலும் அங்கேயே உட்காருங்கள். செடி மண்டிய குளத்தில் விடியற்காலை சிறந்தது என்று நினைக்க வேண்டாம். செடிகள் இரவு முழுவதும் ஆக்சிஜனை உறிஞ்சுவதால் விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் அது மிகக் குறைவு. மீன் மந்தமாக இருக்கும். வெயில் ஏறி ஓரிரு மணி நேரம் கழித்துத்தான் மேய வரும்.

கெண்டைக்கும் மீசை மீன்களுக்கும் காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் இடையே சங்கிலிபோல் சிறு எலும்புகள் உண்டு. அதனால் கேள்வித்திறன் மற்றப் பல மீன்களைவிட அதிகம். காற்றில் வரும் பேச்சொலியில் பெரும்பகுதி நீர்ப்பரப்பிலேயே திரும்பிவிடும். காலடி அதிர்வு மண் வழியாக நேரே தண்ணீருக்குள் போகும். பேசலாம், சிரிக்கலாம். கரையில் ஓடவோ பெட்டியைத் தொப்பென்று போடவோ கூடாது.

ஒரே இரை, ஒரே கை

இறைக்கும் தீனிக்கு: தவிடு 2 பங்கு, பொடித்த கடலைப் புண்ணாக்கு 1 பங்கு, ரொட்டித்தூள் 1 பங்கு, அவித்த மக்காச்சோளம் அரைப் பங்கு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசறி, பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி பாருங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். கரையோரம் முழங்கால் ஆழத்தில் ஓர் உருண்டை போட்டுப் பார்ப்பது நல்லது. விழும்போதே சிதறினால் தண்ணீர் குறைவு. பத்து நிமிடமாகியும் கல்போல் கிடந்தால் தண்ணீர் கூடிவிட்டது. ஓட்டமுள்ள ஆற்றில் ஒரு பங்கு களிமண் சேர்த்தால்தான் இடத்தில் நிற்கும்.

உலர்ந்த சோளத்தையும் கொண்டைக்கடலையையும் 24 மணி நேரம் ஊறவைத்து, அரை மணி நேரமாவது வேகவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். பச்சையாகப் போட்டால் மீனின் குடலுக்குள் ஊதி அதற்குக் கேடு செய்யும்.

தொடக்கத்தில் ஆரஞ்சு அளவில் பத்து உருண்டை, பிறகு அரை மணிக்கு இரண்டு. நாலு பேர் இருக்கும் இடத்தில் வழக்கமாக நடக்கும் தப்பு அளவுக்கு மீறிக் கொட்டுவது. கடி வரவில்லை என்றால் ஆளுக்கு நாலு உருண்டை. மீனுக்கு வயிறு நிரம்பிவிடும், முள்ளில் இருக்கும் இரையைத் திரும்பிப் பார்க்காது. இறைக்கும் வேலை ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ பாறையையோ குறிவைத்து எப்போதும் அதே நேர்கோட்டில் எறியட்டும்.

முள்ளுக்கு, கோதுமை மாவு 2 பங்கும் ரொட்டித்தூள் 1 பங்கும் இறுக்கமாகப் பிசைந்து, ஒரு சிட்டிகைப் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து உள்ளே சேருங்கள். பஞ்சு இழைகள் மாவைப் பிடித்துக்கொள்ளும், வீசும்போது கழன்று போகாது. சிறு மீன்கள் மாவைக் கொத்தித் தீர்க்கும் இடத்தில் முடியிழை முறைக்கு மாறுங்கள். முள்ளின் வளைவிலிருந்து 1 முதல் 1.5 செ.மீ. நீள மெல்லிய நூலைத் தொங்கவிட்டு, அதில் இரண்டு மூன்று அவித்த சோளத்தையோ ஒரு கொண்டைக்கடலையையோ கோத்தால், முள் வெறுமையாக இருக்கும். கெண்டை இரையை உறிஞ்சிப் பார்த்து, சந்தேகம் வந்தால் துப்பும். துப்பும்போது வெறும் முள் உதட்டில் மாட்டும். 1980 வாக்கில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டனும் கெவின் மாடாக்ஸும் உருவாக்கிய முறை இது. இப்போது பெரிய கெண்டைக்கு உலகெங்கும் இதுதான்.

வாளைக்கு மண்புழுக் கொத்தோ மீன் துண்டோ. அதன் தாடையில் நிறையச் சிறு பற்கள் உண்டு, மெல்லிய நரம்பை அராவி அறுத்துவிடும். கடைசி அரை மீட்டருக்கு 0.60 மி.மீ. நைலானும், முனை உள்நோக்கி வளைந்திருக்கும் வட்ட முள்ளும் போடுங்கள்.

ஈயம் 60 முதல் 80 கிராம், நரம்பில் தாராளமாக ஓடும்படி. ஈயத்தை முக்கிய நரம்பைவிட மெல்லிய துண்டு நரம்பால் தொங்கவிட்டால், பாறையில் சிக்கும்போது ஈயம் மட்டும் போகும். முக்கிய நரம்பே அறுந்துபோனாலும் மீன் ஈயத்தை இழுத்துக்கொண்டு திரியாது.

ராடுகளுக்கு இடையே 4–5 மீட்டர். எல்லோரும் நேராக மட்டும் வீச வேண்டும். பக்கத்து ஆளின் எல்லைக்குள் சாய்த்து வீசுவதில்தான் பாதிச் சண்டை வருகிறது. தாங்கியில் வைத்ததும் டிராக்கைத் தளர்த்துங்கள், அல்லது ரீலில் நரம்பைத் தடையின்றி ஓடவிடும் தனி விடுவிசை இருந்தால் அதைப் போடுங்கள். இறுக்கிய டிராக்கோடு வைத்த ராடைக் கெண்டை ஒரே இழுப்பில் தண்ணீருக்குள் கொண்டுபோய்விடும்.

மாட்டிய பிறகு

வேலையைக் காலையிலேயே பிரித்து வையுங்கள். மீன் யார் ராடில் மாட்டுகிறதோ அவரே தலைவர். அவர் சொல்வது மட்டும்தான் கட்டளை. அவருக்கு வலப்பக்கம் இருப்பவர் வலை. இருபுறமும் உள்ள ராடுகளை உடனே சுருட்ட வேண்டும். கடி வந்துகொண்டிருந்தாலும் சரி. நாலாவது ஆள் நனைந்த விரிப்பு, குறடு, தராசு. வேறு யாரும் தண்ணீரோரம் வரக்கூடாது.

சாதாரண முள்ளுக்கு, டிராக்கை முன்பு அளந்த நிலைக்குக் கொண்டுவந்து ராடை நிதானமாகத் தூக்கினால் போதும். வட்ட முள்ளில் வெட்டி இழுக்கவே கூடாது. இழுத்தால் முள் வாயிலிருந்து வெறுமனே வெளியே வரும். நரம்பை மெல்ல இறுக்கிக்கொண்டே போங்கள், அது தானாகத் திரும்பி வாய் மூலையில் ஏறும். இந்தப் பழக்கத்தைக் கைக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கடினம்.

முதல் ஓட்டத்தைத் தடுக்காதீர்கள். ஓடி நின்றதும், ராடை மெதுவாக உயர்த்தி, தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள். மீன் கிளைகளை நோக்கிப் போனால் ராடை நீர்மட்டத்துக்குச் சாய்த்து எதிர்ப்பக்கம் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் மீன் மேலே வருமே தவிரத் திரும்பாது. தலை திரும்பினால் உடலும் திரும்பும். ஏற்கெனவே கிளைக்குள் புகுந்துவிட்டால் நரம்பை இரண்டு மூன்று நிமிடம் தளர்த்திவிட்டுக் காத்திருங்கள். இழுப்பு நின்றதும் பல மீன்கள் தாமாக வெளியே வரும்.

இனி அந்தக் கடைசிப் பத்து மீட்டர். வலையைக் கண்டதும் மீன் இன்னொரு முறை ஓடும் என்று வைத்துக்கொண்டு, டிராக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இந்த ஒரு சமயத்தில் மட்டும் திருகைத் தொடலாம். நீளும் நரம்பு குறைவாக இருப்பதால் அதிர்ச்சி முழுவதும் முடிச்சில்தான் விழும். ராடின் கைப்பிடியைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் நுனியைச் செங்குத்தாக நிறுத்தினால் நுனி ஒடியும். வலை பிடிப்பவர் வாய் 90 செ.மீ. குறையாத வலையை முன்கூட்டியே தண்ணீருக்குள் அமிழ்த்தி, அசையாமல் உட்கார வேண்டும். மீனைத் துரத்தி அள்ளப் போனால் வலையின் விளிம்பு நரம்பில் இடிக்கும், மீன் போகும். ராடு பிடிப்பவர்தான் மீனின் தலையை வலைக்கு மேலே நடத்திக் கொண்டுவர வேண்டும். முழு உடலும் உள்ளே வந்தபிறகே வலை எழும்பலாம். பிறகு கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், பத்துக் கிலோ மீனில் அது வளைந்து முறியும். இருவர் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். நரம்பைக் கையில் பிடித்து இழுப்பது விரலை அறுக்கும், மீனையும் இழப்பீர்கள்.

அடி அரிக்கப்பட்ட கரை மேலே உறுதியாகத் தெரியும், இரண்டு பேர் ஏறி நின்றால் சரியும். வலைக்காரர் மிதவை அங்கி போட்டிருக்க வேண்டும். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும்: மேலே மின்கம்பி போகும் இடத்தில் வீச வேண்டாம், இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு விலகுங்கள், கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழியாமல் எடுக்காதீர்கள்.

விடுவதா, வைத்துக்கொள்வதா

வைத்துக்கொள்வதென்றால் கண்களுக்குச் சற்றுப் பின்னால் தலையில் கனமான கட்டையால் ஒரே அடி. துடிக்கவிட்டுச் சாகடித்தால் தசையும் கெடும். உடனே ஐஸில் வையுங்கள்.

விடுவதென்றால் எல்லோர் கையும் நனைந்திருக்க வேண்டும். உலர்ந்த கை செதில்மேல் உள்ள கோழையை உரித்துவிடும். நனைந்த விரிப்பில் கிடத்தி, குறடால் முள்ளை எடுங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல் நரம்பை ஒட்ட வெட்டிவிடுங்கள். மீசை மீனின் முதுகிலும் செவுளுக்குப் பின்னாலும் உள்ள முட்கள் விறைத்துப் பூட்டிக்கொள்ளும், கை அங்கே போகக்கூடாது. படம் எடுக்க மண்டியிட்டு, விரிப்புக்கு மேலே தாழ்வாகப் பிடியுங்கள். செவுளில் விரல் விட்டுத் தொங்கவிடாதீர்கள். தராசு இல்லாவிட்டால் நீளத்தையும் வயிற்றின் சுற்றளவையும் செ.மீ.-இல் அளந்து, சுற்றளவு × சுற்றளவு × நீளம், அதை 29,000-ஆல் வகுத்தால் கிலோ தோராயமாக வரும். 80 செ.மீ. நீளம், 55 செ.மீ. சுற்றளவு என்றால் 8.3 கிலோ. இந்தக் கணக்கு கிட்டத்தட்டவே. கூட்டிச் சொல்ல இன்னும் இடம் இருக்கிறது.

தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்து, மீன் தானாக வாலை அடித்துக் கிளம்பும்வரை காத்திருங்கள். ஓடும் நீரில் தலை நீரோட்டத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். 20 பாகை செல்சியஸில் நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஆக்சிஜனைக் கொள்ளும், 30 பாகையில் ஏழரைதான். வெயில் நேரத்தில் பிடித்த மீன் தெளிய அதிக நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் போராட்டத்தையும் நீட்டாதீர்கள். விரால் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு நிற்கும்போது எதை வீசினாலும் பாயும். அதைப் பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும், அப்போது தொடாமல் விடுவதே நியாயம்.

மீன் பிடித்த உற்சாகத்தில் அப்படியே மறுபடி வீசிவிடாதீர்கள். கடைசி 2 மீட்டர் நரம்பை விரலிடையே ஓட்டிப் பாருங்கள். எங்காவது சொரசொரத்தால் அதற்கு மேலே வெட்டி, முள்ளின் முனையை நகத்தில் சோதித்து, புதிதாக முடிச்சுப் போடுங்கள். அதற்குள் தீனி எறிபவர் அதே மரத்தைக் குறிவைத்து இரண்டு உருண்டை போட்டிருப்பார்.